பார்த்தது: ஒன்றுமில்லை

6 அக்டோபர் 2024, ஞாயிறு
கப்பலில் இருந்து

அன்புள்ள ஆலிஸ் அக்காவுக்கு,

தம்பி பிராங்கிளின் எழுதுவது. முதல் வாரம் வழக்கம்போல வாந்தி. இப்போது சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அம்மா பிரஷர் மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாளா, இல்லை பூந்தொட்டியில் போடுகிறாளா?

இந்தக் கப்பல் பழசு. இங்கே போன் கிடையாது, படம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் எனக்கு அரை மணி நேரம் தருவார்கள், அதிலும் வெறும் எழுத்து மட்டும்தான் போய்வரும். ஜூன் வரைக்கும் இப்படித்தான். அதனால் கடிதமாகவே எழுது. மொபைலில் தட்டுகிற மாதிரி மூன்று வார்த்தையில் முடித்துவிடாதே.

டிவி மேஜைக்குக் கீழே நான் வைத்துவிட்டு வந்த கம்ப்யூட்டரை மாட்டிவிட்டாயா? பக்கத்தில் பர்மா பஜாரில் வாங்கின சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். கேபிள் பாக்ஸிலிருந்து வருகிற படத்தை அது கம்ப்யூட்டருக்குள் அனுப்பும். தினமும் எட்டு மணிக்கு ‘வாசுகி இல்லம்’ தானாகப் பதிவாகிவிடும். அம்மா எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், நடுவில் நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம்.

இது எதற்கென்று உனக்கே தெரியும். போன தவக்காலத்தில் ஒறுத்தல் என்று நாற்பது நாள் சீரியலை விட்டாள். ஈஸ்டர் முடிந்ததும் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதை கேட்டாள். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இந்த வருடம் நாற்பதும் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

இன்னொன்றும் செய்து வைத்திருக்கிறேன். என்ன பதிவானது, அம்மா என்ன பார்த்தாள், எத்தனை முறை நிறுத்தினாள் என்று அந்த மிஷின் தினமும் மூன்று வரி எனக்கு அனுப்பும். அப்பா போனதைப் பதினொரு நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னீர்கள். நடுக்கடலில் இருக்கிறவன் என்ன செய்வான் என்று நினைத்தீர்கள். நான் அதை மறக்கவில்லை அக்கா. மிஷின் மறைக்காது.

அம்மாவுக்கு என் முத்தம்.
பிராங்கிளின்


20 அக்டோபர் 2024
ராயபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நன்றாக இருக்கிறாள், மாத்திரையும் போடுகிறாள். நின்று பார்க்கிறேன், அதனால் போடுகிறாள். என் முதுகைப் பற்றிக் கேட்டாயே, அது அங்கேயேதான் இருக்கிறது.

மிஷினை மாட்டினேன். அதாவது, ஒயர் எல்லாவற்றையும் எங்கெங்கே ஓட்டை இருந்ததோ அங்கங்கே சொருகினேன். திரை நீலமாக இருக்கிறது. நீ எழுதி வைத்துவிட்டுப் போன தாளில் ஏழாவது வரிக்கு மேல் தண்ணீர் கொட்டியிருக்கிறது. மழையில் கூரை ஒழுகினது அந்த இடத்தில்தானா ஒழுக வேண்டும்!

காலை ஏழு மணிக்குக் கிளம்பித் திருவொற்றியூர் போய்க் கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்தால், சாயங்காலம் வரைக்கும் லாரி நம்பரும் சீல் நம்பரும்தான். டிரைவர்கள் எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள், வரிசை நகராததற்கு நான்தான் காரணம் என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து உன் ஒயர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பகலில் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா அக்கா அம்மாவுக்குத் துணையாக இருக்கிறார். அவர்தான் உன் பெட்டிக்குத் தூசி தட்டுகிறார். ஜன்னலைத் திறந்தால் போதும், எல்லாவற்றின் மேலும் கறுப்புத் தூசி படிந்துவிடுகிறது.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? “இன்னாடி இது, டிவிக்கு அடியில கண்ணு சிமிட்டிகினு கீது? வூட்டுக்குள்ள யாரனா பூந்துகினாங்களா?”

அந்த மூன்று வரி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா விஷயத்தில் நான் செய்தது தப்பு என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். மிஷினை நம்புவாய், என்னை நம்ப மாட்டாய். சரி, நம்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஆலிஸ்


3 நவம்பர் 2024
கப்பலில் இருந்து

அன்புள்ள அக்கா,

சுகம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

கேபிள் பாக்ஸின் பின்னால் இருக்கிற பட்டை ஒயர் டிவிக்குப் போகக் கூடாது, சின்னப் பெட்டியின் ‘இன்’ ஓட்டைக்குப் போக வேண்டும். அதன் ‘அவுட்’டிலிருந்து இன்னொரு ஒயர் டிவிக்கு. பெட்டியிலிருந்து மெல்லிய ஒயர் கம்ப்யூட்டருக்கு. பிறகு கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடு. அவ்வளவுதான்.

உன்னை நம்பாமல் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. தூரத்தில் இருந்தால் மனசு இப்படித்தான் கோணலாகப் போகிறது.

பிராங்கிளின்


24 நவம்பர் 2024
ராயபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். உன் மிஷின் வேலை செய்கிறது!

அம்மாவுக்கு ரிமோட்டில் நிறுத்துகிற பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன். வாசுகியின் மாமியார் வாயைத் திறக்கிறாள், அம்மா பட்டனை அமுக்குகிறாள். “தோ பாரு, வாயத் தொறந்துகினு நிக்குது. நான் வுட்டாதான் அது பேச முடியும்.” நிறுத்தி வைத்துவிட்டு மாமியாரைத் திட்டித் தீர்க்கிறாள், பிறகுதான் ஓட விடுகிறாள். அரை மணி நேரச் சீரியல் ஒரு மணி நேரம் ஓடுகிறது. ரஹீமுன்னிசா அக்காவும் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவர் மாமியார் கட்சி, அதனால் சண்டை வேறு.

வெகு நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் சத்தம் கேட்கிறது. அதற்காக உனக்கு நன்றி. மற்றதை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

ஆலிஸ்


22 டிசம்பர் 2024
கப்பலில் இருந்து

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. இங்கே பண்டிகைக்குக் கோழி உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வாரத்து ரிப்போர்ட் ஏழும் ஞாயிறன்று மொத்தமாக வருகிறது. எல்லாரும் தங்கள் வீட்டுக் கடிதத்தை எத்தனை முறை படிக்கிறார்களோ அத்தனை முறை நான் இதைப் படிக்கிறேன். போன வியாழக்கிழமையுடையது இது:

பதிவானது: வாசுகி இல்லம், 1.
பார்த்தது: வாசுகி இல்லம், 1.
நிறுத்தியது: 14 முறை.

பதினான்கு முறை! அன்றைக்கு மாமியார் என்ன செய்தாள்?

இந்தப் பயணம் ஜூனில் முடிந்தால் பரீட்சைக்கு வேண்டிய கடல் மாதங்கள் நிறைந்துவிடும். பரீட்சையில் தேறினால் நல்ல கப்பல், நான்கு மாதத்துக்கு ஒரு முறை வீடு. அதை நினைத்துத்தான் நாளைத் தள்ளுகிறேன்.

பிராங்கிளின்


14 ஜனவரி 2025
(எழுதி வைத்தது. அனுப்பவில்லை.)

தம்பி,

எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. போன வியாழக்கிழமை காலையில் அம்மாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். வாய் கோணியிருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் குழறிக் குழறிப் பேசினாள். “தம்பிகிட்ட சொல்லாத. எறங்கி வந்துருவான். படிச்சதெல்லாம் பாழாப்பூடும். என் தலை மேல சத்தியம் பண்ணு.” ஆட்டோ ஓடிக்கொண்டிருந்தது, நான் சத்தியம் பண்ணினேன். அதுதான் அவள் பேசின கடைசிப் பேச்சு.

இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலது பக்கம் அசைவில்லை, பேச்சில்லை. நாம் சொல்வது புரிகிறதா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. பழக்கமான சத்தம் காதில் விழட்டும், பழக்கமானதைக் காட்டுங்கள் என்றார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. எட்டு மணிக்கு உன் மிஷினைப் போட்டேன். வாசுகி வந்ததும் அம்மாவின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. மாமியார் வந்ததும் இடது கை விரல் படுக்கையில் அசைந்தது, பட்டனைத் தேடுகிற மாதிரி. நான் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன்.

நீ வா தம்பி. என்னால் தனியாக முடியவில்லை.


19 ஜனவரி 2025
ராயபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு வேண்டுகிறோம்.

போன வாரம் ரிப்போர்ட்டில் ஐந்து நாள் ஒன்றும் பார்க்கவில்லை என்று வந்திருக்கும். டிவி பழுதாகிவிட்டது. இப்போது சரியாகிவிட்டது. அம்மா பார்க்கிறாள். யார்டில் வேலை அதிகம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

ஆலிஸ்


9 பிப்ரவரி 2025
கப்பலில் இருந்து

அன்புள்ள அக்கா,

சுகம். உன் கடிதம் குட்டையாகிவிட்டது.

தினமும் பார்த்தது ஒன்று என்று வருகிறது, சந்தோஷம். ஆனால் ‘நிறுத்தியது’ என்ற இடத்தில் ஒரு மாதமாக சைபர்தான். மாமியார் திருந்திவிட்டாளா? அம்மா சொல்லச் சொல்ல நீ இரண்டு வரி எழுதி அனுப்பு. அவள் என்னைத் திட்டினாலும் சரி, அப்படியே எழுது.

பிராங்கிளின்


23 பிப்ரவரி 2025
ராயபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். இங்கே எல்லாம் வழக்கம்போல.

ரிமோட்டில் அந்தப் பட்டன் தேய்ந்துவிட்டது. வேறு வாங்க வேண்டும். அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொன்னாள்.

ஆலிஸ்


16 மார்ச் 2025
கப்பலில் இருந்து

அன்புள்ள அக்கா,

சுகம். டிஸ்க்கில் இடம் குறைந்துவிட்டது. டிசம்பர் வரைக்கும் உள்ளதை அழித்துவிடு. மிஷினுக்குப் பின்னால் காற்றுப் போக வழி இருக்கட்டும்.

வேறொன்றுமில்லை.

பிராங்கிளின்


30 மார்ச் 2025
கப்பலில் இருந்து

அக்கா,

இன்று நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். அன்றைய ரிப்போர்ட்டை ஒன்பதாம் தேதி ஞாயிறன்று படித்தேன். பார்த்தது: வாசுகி இல்லம், 1. மறுநாளும் ஒன்று. வெள்ளிக்கிழமையும் ஒன்று. தவக்காலத்தில் நம் அம்மா சீரியல் பார்ப்பாளா? அப்பா சவப்பெட்டியில் கிடந்த அன்றும் செபமாலையை விடாதவள் அவள். அவளுக்கு நினைவு சரியில்லை, அல்லது அவள் பெயரைச் சொல்லி நீ போடுகிறாய் என்று அப்போதே புரிந்தது. சைபர் நிறுத்தம், பட்டன் தேய்ந்தது, இரண்டு வரி வராதது, எல்லாம் சேர்ந்து புரிந்தது.

ஆனாலும் நான் கேட்கவில்லை. மூன்று ஞாயிறு வாயை மூடிக்கொண்டிருந்தேன். பதினாறாம் தேதி உனக்கு டிஸ்க்கைப் பற்றி எழுதினேன், பார். கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொன்னால் நான் இறங்க வேண்டும். இன்னும் மூன்று மாதம், இன்னும் மூன்று மாதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னை மறைக்கிறவள் என்று திட்டினேன். நான் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். உன்னுடையதைவிட என்னுடையதுதான் கேவலம்.

நேற்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 17 கொழும்பு. அங்கே எனக்குப் பதில் ஆள் ஏறுகிறான், நான் இறங்குகிறேன். இரண்டு மாதம் குறைகிறது. குறையட்டும், பரீட்சை அடுத்த வருடமும் நடக்கும்.

உள்ளதை உள்ளபடி எழுது. அம்மா படுத்திருக்கிறாளா? என்னை அடையாளம் தெரியுமா? சாம்பல் புதனன்று படுக்கையில் கிடக்கிறவர்களுக்குக் கோயிலில் இருந்து வீட்டுக்கே வந்து நெற்றியில் சாம்பல் பூசுவார்களே, அம்மாவுக்கு வந்து பூசினார்களா? அதையாவது அவளுக்குச் செய்தீர்களா?

தம்பி


1 ஏப்ரல் 2025, செவ்வாய்
ராயபுரம்

அன்புள்ள தம்பி பிராங்கிளினுக்கு,

இது உன் கைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வரும். கூடவே ஏழு ரிப்போர்ட்டும் வரும். அவற்றைத் திறக்காதே, முதலில் இதைப் படி.

ஜனவரியில் நான் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதற்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரம் தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறாயே என்று ஆத்திரமாக வந்தது. அந்த மூன்று வாரமும் நான் இங்கே எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. நான் களைத்துவிட்டேன் தம்பி. நல்லவளாக இருந்து இருந்தே களைத்துவிட்டேன்.

இனி நான் எழுதப்போவதைப் பொறுமையாகப் படி.

ஜனவரியில் இருந்து அம்மா உள்ளே இருக்கிறாள் என்பதற்கு எனக்கு ஒரே ஒரு அடையாளம்தான் இருந்தது. எட்டு மணிக்கு வாசுகி வந்தால் கண் திரும்பும், விரல் அசையும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் யார்டிலிருந்து ஓடி வருவேன். தவக்காலம் வந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. நோயாளிக்கு ஒறுத்தல் எதற்கு, அதெல்லாம் இனி அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து டிவியை நிறுத்தாமல் போட்டேன். ஆனால் சாம்பல் புதனன்று சாயங்காலம் டிவியைப் போட்டதுமே அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாளும் மூடினாள். சத்தத்தைக் கூட்டினேன், படுக்கையைத் திருப்பிப் போட்டேன், பழைய எபிசோடு போட்டேன். கண் திறக்கவே இல்லை. அவ்வளவுதான், அம்மா போய்விட்டாள், உடம்பு மட்டும்தான் மிச்சம் என்று முடிவு கட்டினேன். அப்படியும் தினமும் போட்டேன். என்றைக்காவது திறப்பாள் என்கிற நப்பாசை.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரஹீமுன்னிசா அக்காவைக் கேட்டேன். “ஆமாம்மா, அன்னிக்கு உங்க கோயில்லேர்ந்து சிஸ்டரம்மா வந்துச்சு. நெத்தியில இன்னாவோ வச்சி மந்திரம் சொல்லிட்டுப் போச்சு. உங்கம்மா கண்ல தண்ணி. நான் உங்கிட்ட சொன்னேனே, சிஸ்டர் வந்தாங்கன்னு?” என்றார். சொல்லியிருப்பார். நான் எதைக் காதில் வாங்கினேன்?

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது தம்பி. அன்றைக்கு ஏழு மணிக்கு வந்தேன். அம்மா நெற்றியில் கறுப்பாக ஏதோ இருந்தது. நம் வீட்டில் கறுப்புத் தூசி புதிதா? கோயிலில் இருந்து வீட்டுக்கே வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஈரத் துணியை எடுத்துத் துடைத்தேன். அம்மா இடது கையைத் தூக்கி என் கையைத் தள்ளினாள். பிடிவாதம் பிடிக்கிறாள் என்று கையைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, சுத்தமாகத் துடைத்து எடுத்தேன். துடைத்துவிட்டு டிவியைப் போட்டேன்.

புரிகிறதா? அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சாம்பல் வாங்கினாள், தவக்காலம் தொடங்கியது, சீரியல் பார்க்கக் கூடாது. சொல்ல வாயில்லை, பட்டனை அமுக்கலாம் என்றால் ரிமோட் என் கையில். கண்ணை மூடத்தான் முடியும், மூடிக்கொண்டாள். நான் சத்தத்தைக் கூட்டக் கூட்டக் கெட்டியாக மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லையே, பாவம், எத்தனை திட்டியிருப்பாள் என்னை!

நேற்று எட்டு மணிக்கு டிவி போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் வாசுகி கிடையாது” என்று சொன்னேன். கண்ணைத் திறந்தாள். சின்ன வயதில், கறி தொடக் கூடாத பெரிய வெள்ளியன்று ரஹீமுன்னிசா அக்கா வீட்டில் பிரியாணி தின்றுவிட்டு வந்து, நீயும் நானும் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றோமே, அன்றைக்குப் பார்த்தாளே, அதே பார்வை. பிறகு இடது கையைத் தூக்கி மெல்ல நெற்றியைத் தொட்டாள். என்னிடம் சாம்பலுக்கு எங்கே போவது? துடைத்த இடத்திலேயே கட்டை விரலால் சிலுவை வரைந்தேன். அவள் விரல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நீ வருவதாக அவளிடம் சொல்லிவிட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன் என்றும் சொன்னேன். கண்ணை மூடவில்லை. அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நீ கேட்டாயே, உன்னை அடையாளம் தெரியுமா என்று. தெரியும். சீக்கிரம் வா. ஞாயிற்றுக்கிழமை சீரியலும் இல்லை, ஒறுத்தலும் இல்லை, அதனால் சரியாக நாற்பது எபிசோடு. ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை முதல் எபிசோடை நீதான் போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் அசையும்போதெல்லாம் நீதான் பட்டனை அமுக்க வேண்டும். எனக்கு அன்றைக்குத் தூங்க வேண்டும்.

இப்போது ரிப்போர்ட்டுகளைத் திற. திங்கட்கிழமையில் இருந்து எல்லாவற்றிலும் பார்த்தது ஒன்றுமில்லை என்றுதான் இருக்கும். பயப்படாதே. அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம்.

கடல் உன்னை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும்.
அக்கா


5 ஏப்ரல் 2025, சனி
மிஷினில் இருந்து

பதிவானது: வாசுகி இல்லம், 1.
பார்த்தது: ஒன்றுமில்லை.
நிறுத்தியது: 0 முறை.